ஒரு கம்ப்யூட்டரின் ஜென்ம நேரம்

ரிட்டயர் ஆனவர்கள் எழுதும் கட்டுரை என்றால் எழுதியவருக்குத் தலை நரைத்திருக்க வேண்டும், மூக்கில் கண்ணாடி இருக்க வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. வயது இருபத்தெட்டு. ஆனாலும் நான் ரிட்டயர்தான், நம்புங்கள். பத்து வருடம் திருப்போரூரில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தேன். போன தை மாதம் ஸ்க்ரூ டிரைவரைக் கடையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். இப்போது குட்டி யானை ஓட்டுகிறேன். தும்பிக்கை எல்லாம் கிடையாது, சின்ன லோடு வண்டிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். காலையில் கடற்கரைக் குப்பங்களில் மீன் ஏற்றி, சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் இறக்குகிறேன்.

இதை எழுதச் சொன்னது கடையில் எனக்குப் பின்னால் சேர்ந்த பிள்ளைகள். இப்போது வருகிற மிஷின்களில் ஒரு பட்டனை அமுக்கினால் போதும், அதுவே நெட்டிலிருந்து எடுத்துத் தன்னைப் புதுசாக்கிக்கொள்கிறது. "அண்ணா, அந்தக் காலத்துல நீங்கல்லாம் நாள் பூரா இன்னாதான் பண்ணிகினு இருந்தீங்க?" என்று கேட்டார்கள். அந்தக் காலம் என்று அவர்கள் சொன்னது இரண்டு வருடத்துக்கு முன்னால். அடுத்த கேள்வி: "ஏண்ணா வேலைய வுட்டீங்க?"

ஜாதகம்தான் காரணம். என் ஜாதகம் இல்லை, ஒரு கம்ப்யூட்டரின் ஜாதகம்.

நான் தொழில் கற்ற கதை சின்னது. பத்தாம் வகுப்பை இரண்டாம் முறையும் எழுதி, கணக்கு வாத்தியார் பெருமூச்சு விட்டதோடு என் படிப்பு முடிந்தது. கடையில் முதல் மாதம் முழுக்க ஸ்க்ரூ பொறுக்கினேன். இரண்டாம் மாதம் ஒரு மனை விற்பவரின் மிஷினைத் திறந்தேன். உள்ளே பல்லி குடும்பத்தோடு குடியிருந்தது. "சார், உங்க பிளாட்டு வித்துப் போச்சு, ஆளு குடி வந்துட்டாங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. முதல் வருடம் முடிவதற்குள், ஒரு மைக்செட்காரர் சேர்த்து வைத்திருந்த ஆடி மாதத்து அம்மன் பாட்டு மொத்தத்தையும் தெரியாமல் அழித்தேன். பிறகு கோயில் கோயிலாகப் போய், பாடிக்கொண்டிருக்கிற மைக்செட்டுகளிலிருந்து பென் டிரைவில் பாட்டுப் பிச்சை எடுத்து அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குள் தொழில் வந்துவிட்டது.

கடையின் முதலாளி பரிமளா அக்கா. நாற்பது வயது. கொண்டையில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். அக்கா யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. "அப்படியா" என்று மட்டும் சொல்வார். நீங்கள் போனில் உங்கள் கஷ்டத்தைச் சொல்கிறீர்கள், அந்தப் பக்கம் ஒரு "அப்படியா" வந்தால், சரி, மேலே செய் என்று அர்த்தம். இரண்டு வந்தால் நீ தப்பான வழியில் போகிறாய். மூன்று வந்தால் பையை மூடிக்கொண்டு கடைக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். பத்து வருடத்தில் எனக்கு மூன்று "அப்படியா" விழுந்தது நாலே தடவை. ஒரு தடவை அந்த அம்மன் பாட்டுக்கு.

மிஷினில் ஓ.எஸ். போட அக்கா ஒரு முறை வைத்திருந்தார். அதில் ஒரு படி தாண்டக் கூடாது. முதலில் மிஷினைத் தொடாமல் வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும்: உள்ளே என்ன இருக்கிறது? "ஒண்ணும் இல்லப்பா" என்று சொன்னால் இன்னொரு தடவை கேட்க வேண்டும். ஒன்றும் இல்லை என்கிறவர்களிடம்தான் கல்யாண போட்டோவிலிருந்து பத்திரம் வரைக்கும் எல்லாம் இருக்கும். அடுத்தது கடிகாரம். மிஷினை ஆன் செய்த உடனே ஒரு பட்டனை அமுக்கினால், ஓ.எஸ். வருவதற்கு முன்னால் ஒரு நீலப் பக்கம் வரும். அதில் மிஷினின் சொந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி ஒன்று அதை ஓட்டுகிறது. அந்த பேட்டரி செத்திருந்தால் மாற்றி, தேதியும் மணியும் சரி செய்து, நோட்டில் எழுத வேண்டும். பிறகுதான் பென் டிரைவ். அதுவும் இரண்டு. ஒன்றில் சிவப்புக் கயிறு, ஒன்றில் கறுப்புக் கயிறு, அக்காவே கட்டியது. ஒன்று மக்கர் பண்ணினால் இன்னொன்று. கடைசியாக, எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் "அரை மணி நேரம்" என்று மட்டும் சொல்லக் கூடாது.

நான் எல்லாவற்றையும் செய்வேன். நடுவில் கொஞ்சம் வாய் விடுவேன். அந்த வாய்தான் இந்தக் கதைக்கு விதை.

ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. மாமல்லபுரத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால், ஒரு கல் சிற்பப் பட்டறையின் மாடியில் கம்ப்யூட்டர் ஜோசியம் பார்க்கும் நாகலிங்கம் ஐயாவின் மிஷின் விழுந்துவிட்டது. முதல் நாள் கரண்டு போய்ப் போய் வந்ததில், ஆன் செய்தால் பாதியில் நின்று, மறுபடி ஆன் ஆகி, மறுபடி நின்றுகொண்டிருந்தது. காலை ஒன்பதரைக்கு வருகிறேன் என்று போனில் சொல்லியிருந்தேன். வழியில் ஒரு கடையில் போண்டா சூடாக இருந்தது.

மாடி ஏறினதும் ஐயா பஞ்சாங்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"இன்னா தம்பி மணி?"

"ஒரு பத்தரை இருக்கும் ஐயா."

"பத்து முப்பத்தஞ்சு. ராகு காலம் பொறந்து அஞ்சு நிமிசம் ஆவுது. ஒம்பதரையிலேர்ந்து நல்ல நேரம் பாத்து உன்ன வரச் சொன்னா, எங்க போயிகினு இருந்த?"

"டிராபிக்கு ஐயா."

"சட்டையில சட்னி கீது."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா சத்தமாகச் சிரித்தார். அவர் அஞ்சலை அக்கா, பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்கிறவர். அன்றைக்குச் சீக்கிரமே விற்று முடித்து, கழுவின அலுமினிய அன்னக்கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மிஷினுக்காகக் காத்திருந்தது ஐயா இல்லை, அவர்தான்.

"எப்பா, எம் பொண்ணு தேவி ஜாதகம் இந்தப் பொட்டிக்குள்ள கீதுப்பா. பையன் சிங்கப்பெருமாள் கோயிலு. ரெண்டும் ஒரே கம்பெனி பஸ்ஸுல போயி வந்து, அதுங்களே முடிவு பண்ணிட்டுதுங்க. பையனோட அம்மாதான், ஜாதகத்தக் கண்ணால பாக்காம பேச்சே கெடையாதுன்னுது. இன்னிக்கு நாலரைக்கு இங்கியே வராங்க."

"முன்னாடி பிரிண்ட் எடுத்த பேப்பர் இல்லியாக்கா?"

"மழையில வூட்டோட ஊறிப் போச்சு."

"பொறந்த நேரமாவது ஞாபகம் கீதா?"

"விடியக்காலம். போட்டு கரைக்கு வர நேரம்."

ஐயா குறுக்கே புகுந்தார். "போட்டு வர நேரத்துக்கெல்லாம் ஜாதகம் போட முடியாது அஞ்சலை. நிமிசம் வேணும்."

"நிமிசம், நிமிசம்!" அக்கா என் பக்கம் திரும்பினார். "அதுல செவ்வாய் வேற கீதாம்ப்பா. ரெண்டு வருசம் முன்னாடி இவரு கால்ல வுழாத கொறை. ரெண்டே ரெண்டு நிமிசம் முன்னாடி போட்டா லக்கினமே மாறிடுமாம், செவ்வாய் போயிடுமாம். மாத்திக் குடுய்யான்னு கேட்டேன். கீழ செதுக்கி வெச்சிக்கிறாங்களே நந்தி, அது மாதிரி உக்காந்திருந்தாரு."

"பொறந்த நேரத்த மாத்துறவன் ஜோசியனா?" என்றார் ஐயா. "நான் ஒரு நிமிசம் கூட மாத்தி எழுதினது கெடையாது. பெத்த பொண்ணுக்கே மாத்தல."

"பாத்தியா? ஜாதகம் கெடைக்கலன்னாலும் கல்யாணம் நிக்கும். கெடைச்சாலும் நிக்குமோன்னு பயமா கீது" என்றார் அக்கா. அதைச் சொல்லும்போது மட்டும் குரலில் சிரிப்பு இல்லை.

நான் மிஷினைப் பார்த்தேன். டிஸ்க் நல்லாத்தான் இருந்தது. அதை இரண்டு பாகமாகப் பிரித்திருந்தார்கள். ஓ.எஸ். இருந்த பாகம் மட்டும் கெட்டிருந்தது, ஜாதகங்கள் இருந்த பாகம் பத்திரம். ஆனால் ஜாதகத்தைத் திறக்கும் சாஃப்ட்வேர் அந்த ஒரு மிஷினுக்கு மட்டும் பூட்டிக் கொடுத்தது. டிஸ்க்கைக் கழற்றி வேறு மிஷினில் மாட்டினால் ஃபைல் தெரியும், திறக்காது. ஆக, இந்த மிஷினிலேயே ஓ.எஸ். போட்டாக வேண்டும். அதற்கு மேல் சாஃப்ட்வேர் போட்டாக வேண்டும். நாலரைக்குள்.

அப்போது ஐயா கேட்டார். "ஓ.எஸ்.னா இன்னாப்பா, எனக்குப் புரியிற மாதிரி சொல்லு."

இங்கேதான் வாயை விட்டேன். "அதான் ஐயா மிஷினுக்கு உசுரு. போயிடுச்சுன்னா மிஷினு பொணம். புதுசா போட்டா, மிஷினு புதுசா பொறந்த மாதிரி."

ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பொறக்குதா?"

"ஆமா ஐயா. மறுபிறப்பு."

ராகு காலம் முடிகிற பன்னிரண்டு மணி வரைக்கும் ஓ.எஸ்.ஸில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அக்காவுக்குப் போன் போட்டேன். "அவர் வூட்டுக் கொழந்த, அவர் சொல்றப்படி இரு" என்றார் பரிமளா அக்கா. சரி என்று மிஷினைத் திறந்து தூசி தட்டினேன். கல் பட்டறைக்கு மேல் இருந்த மிஷின் இல்லையா, உள்ளே விபூதி கொட்டின மாதிரி கல்மாவு. பிறகு முறைப்படி நீலப் பக்கத்தைத் திறந்தேன். பேட்டரி செத்து, கடிகாரம் ஏதோ ஒரு வருடத்து ஜனவரி ஒன்றாம் தேதியில் நின்றிருந்தது. புது பேட்டரி போட்டேன். இன்றைய தேதி, சரியான மணி வைத்தேன். நோட்டில் எழுதினேன். ஐயா முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் முழுக்க இங்கிலீஷ். அவருக்குப் புரிந்தது ஒரே இடம்தான்: நாள், மாதம், வருடம், மணி, நிமிடம்.

"இது இன்னாப்பா?"

"மிஷினோட கடியாரம் ஐயா."

"இதுல எந்த நேரம் வெச்சாலும் ஒத்துக்குமா?"

"ஒத்துக்கும்."

"ஓ.எஸ்.ஸு பொறந்த நேரம்னு இதத்தான் எழுதிக்குமா?"

"இதத்தான் ஐயா."

"எந்த பட்டன அமுத்தி இங்க வந்த?"

காட்டினேன். ஒரு மனுஷன் ஆசையாகக் கேட்கிறாரே என்று சந்தோஷமாகக் காட்டினேன்.

பன்னிரண்டு அடித்தது. "ஆரம்பிக்கலாமா ஐயா?" என்றேன்.

"ராகு போச்சு. ஆனா நல்ல நேரம் வரலியே. காலையில இருந்தத உன் சட்னி தின்னுடுச்சு. அடுத்தது சாயங்காலம் நாலரை."

"நாலரைக்கு அவங்களே வந்துடுவாங்களேய்யா!" என்று அஞ்சலை அக்கா எழுந்துவிட்டார்.

ஐயா கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினார். கண்ணைத் திறந்தபோது முகத்தில் ஒரு தெளிவு. "சரி. அஞ்சலை, நீ போயி ஒரு சூடம் வாங்கியா. தம்பி, நீ கீழ போயி டீ சாப்டு வா. பூஜை போட்டு மொதோ பட்டன நானே அமுக்குறேன்."

சிவப்புக் கயிறு பென் டிரைவைச் செருகிவிட்டுக் கீழே போனேன். திரும்பி வந்தபோது அறை முழுக்கக் கற்பூர வாசனை. மிஷினின் நெற்றியில் சந்தனம், குங்குமம். சிவப்புக் கயிறு பென் டிரைவிலிருந்து ஓ.எஸ். போடும் முதல் பக்கம் வந்து நின்றிருந்தது. நான் உட்கார்ந்து மேலே தட்டினேன். இரண்டாம் பக்கத்திலேயே, ஏதோ ஒரு டிரைவர், அதாவது மிஷினின் பாகங்களை ஓட்டுகிற சாஃப்ட்வேர், காணவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது.

அந்த வார்த்தை வந்தால் முதல் சந்தேகம் பென் டிரைவ் மேல். கறுப்புக் கயிறை எடுத்துச் செருகினேன். அதே பதில். பென் டிரைவை வேறு ஓட்டையில் மாற்றிச் செருகினேன். அதே பதில். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ரெண்டு கயிறும் போட்டுப் பாத்துட்டேன் கா. டிரைவர் காணோம்னுது."

"அப்படியா."

ஒன்று. மேலே போகலாம். மெமரி குச்சியைக் கழற்றினேன். கடற்காற்றில் அதன் பித்தளைப் பல் கறுத்துப் போயிருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிரப்பரால் தேய்த்தேன். பள்ளிக்கூடத்தில் நான் ரப்பரை இவ்வளவு ஒழுங்காக உபயோகித்ததே இல்லை. பல் பளபளவென்று ஆனது. மிஷின் மட்டும் அசையவில்லை. மணி ஒன்றரை.

அஞ்சலை அக்கா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "டிரைவரு இல்லன்னா இன்னா கண்ணு, என் தம்பி லாரி ஓட்டுறான், கூப்புடட்டா?"

"லைசென்ஸ் கீதாக்கா?" என்றேன்.

முறையை முதலிலிருந்து போவோம் என்று நீலப் பக்கத்தைத் திறந்தேன். தூக்கிவாரிப் போட்டது. கடிகாரம் பத்து வருடம் பின்னால் போயிருந்தது. சரிதான், வந்த வியாதி இதுதான். ஓ.எஸ்.ஸுக்குள் இருக்கிற ஒவ்வொரு ஃபைலிலும் அதைச் செய்தவர்களின் கையெழுத்து இருக்கும், கையெழுத்துக்குத் தேதியும் இருக்கும். மிஷின் தன் கடிகாரத்தைப் பார்க்கும். தேதி இன்னும் வரவே இல்லையே, இது போலிக் கையெழுத்து என்று தள்ளிவிடும். இன்னும் பிறக்காத பிள்ளைக்கு பர்த் சர்டிபிகேட் கொண்டுபோனால் ஆபீஸில் வாங்குவார்களா?

புது பேட்டரியும் சொத்தை என்று முடிவு கட்டினேன். பேட்டரியை விற்றவன் குடும்பத்தை விசாரித்துக்கொண்டே வண்டியை எடுத்து, மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடிகாரம் ரிப்பேர் செய்பவரிடம் வேறு பேட்டரி வாங்கி வந்தேன். போட்டேன். தேதியைச் சரி செய்தேன். "தோ, இப்ப பாருங்க" என்றேன்.

"இரு இரு. மறுபடியும் சூடம் காட்டணும்" என்றார் ஐயா. "நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பி, கண்ண மூடிக் கும்புடுங்க. நான் அமுக்குறேன்."

கும்பிட்டோம். அஞ்சலை அக்கா ஏழு சாமி பெயர் சொன்னார். திறந்து பார்த்தால், டிரைவர் காணவில்லை.

நீலப் பக்கம். பத்து வருடம் பின்னால். இந்தத் தடவை நான் தேதியை ஒழுங்காகப் படித்தேன். ஜூலை மாதம். வளர்பிறையோ தேய்பிறையோ, காலை ஒன்பது நாற்பதுக்கு ஆரம்பித்து ஓடிக்கொண்டிருந்தது.

அங்கேதான் பொறி தட்டியது. பேட்டரி செத்தால் மிஷின் ஜனவரி ஒன்றுக்குத்தான் போகும். காலையில் நானே பார்த்தேன். செத்த பேட்டரி எதுவும் ஜூலை மாதத்தைத் தேடிப் போகாது. ஒன்பது நாற்பது என்று நேரம் குறிக்காது. அந்த அறையில் நாள் பார்க்கத் தெரிந்தது பேட்டரி இல்லை.

நான் மெதுவாகத் திரும்பினேன். ஐயா சாமி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடிப்படியில் இறங்கி அக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "அப்படியா" என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு "அப்படியா". மூன்றாவதுக்கு நான் பையை மூடத் தயாராக நின்றேன். ஆனால் மூன்றாவது வரவில்லை. ஏதோ கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பத்து வருடத்தில் பரிமளா அக்கா சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "அவரத் திட்டாத. கிண்டலும் பண்ணாத. ஏன்னு மட்டும் கேளு."

கிண்டல் பண்ணாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அக்காவுக்குத் தெரியும். மேலே போய்க் கேட்டேன்.

"ஐயா, மிஷினோட தேதிய நீங்க மாத்துனீங்களா?"

"ஆமா" என்றார். ஒளிக்கவில்லை. "நீதானே சொன்ன, மறுபிறப்புன்னு. பொறக்கிறது நல்ல நேரத்துல பொறக்க வேணாவா? இன்னிக்கு நல்ல நேரம் நீ போண்டா துன்ற நேரத்துல போச்சு. அதான், குரு உச்சத்துல கீற நாளா ஒண்ணு தேடி வெச்சேன். பன்னெண்டு வருசத்துக்கு ஒரு வாட்டி வர்ற குருப்பா அது. அந்த ஜாதகத்துல பொறந்த மிஷினுக்கு சாவே கெடையாது."

"பொறக்கவே மாட்டேங்குதே ஐயா!"

"மொத வாட்டி மாத்தினேன். நீ பேட்டரி கெட்டுப் போச்சுன்னு சொல்லி பழைய தேதி வெச்ச. பாவம் பையன், தெரியாம பண்றான்னு ரெண்டாவது வாட்டியும் மாத்தினேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அன்னக்கூடை தரையில் 'டமால்' என்றது. அஞ்சலை அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார்.

"யோவ் ஜோசியரே! எம் பொண்ணுக்கு ரெண்டு நிமிசம் மாத்திக் குடுன்னு உன் வாசல்ல ரெண்டு மாசம் நடந்தேனே! பெத்த பொண்ணுக்கே மாத்தலன்னு காலையில கூட சொன்னியே! இந்தத் தகர டப்பாவுக்கு மட்டும் பத்து வருசம் மாத்துவியா?"

கீழே பட்டறையில் உளிச் சத்தம் கூட நின்றுவிட்டது. சாப்பாட்டு நேரமாக இருக்கலாம், மேலே சண்டை கேட்டும் இருக்கலாம்.

ஐயா நாற்காலியில் உட்கார்ந்தார். பஞ்சாங்கத்தை எடுத்தார், திறக்கவில்லை, மூடியபடியே மடியில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கே கிண்டல் வரவில்லை. "அஞ்சலை, நீ கேட்டது நியாயம்" என்றார். "முப்பது வருசத்துல நான் மாத்தி எழுதின ஒரே ஜாதகம் இதுதான். அதான் பொறக்கல."

கையெழுத்து, தேதி என்று நான் விளக்கம் சொல்ல வந்தேன். பிறகு விட்டுவிட்டேன். அவர் சொன்னதும் அதேதான்.

நீலப் பக்கத்தில் இன்றைய தேதியை வைத்தேன். ஐயா ஒரு சீட்டும் பேனாவும் எடுத்தார்.

"தம்பி, இப்போ மணி இன்னா? ஒரு பத்தரைன்னு வாயில வந்தது சொல்லாம, பாத்து சொல்லு."

"ரெண்டு நாப்பத்தி மூணு ஐயா."

எழுதிக்கொண்டார். "மூணு மணிக்கு எமகண்டம். இப்போ போடு. நல்லதோ கெட்டதோ, இதான் அதோட நேரம். பட்டன நீ அமுக்கு அஞ்சலை."

"நானா? எனக்கு இன்னா தெரியும்?"

"கொழந்த பொறக்குறப்போ கிட்ட இருக்க வேண்டியது பொம்பளதான். அமுக்கு."

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கொதிக்கிற சட்டியைத் தொடுகிற மாதிரி ஒரு விரலால் தொட்டார். முதல் பக்கம் வந்தது. இரண்டாம் பக்கம் வந்தது. டிரைவரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. பத்து சதம், இருபது சதம் என்று ஏற ஆரம்பித்தது. ஒவ்வொரு பத்துக்கும் அஞ்சலை அக்கா ஏலம் கூறுகிற மாதிரி சத்தமாகச் சொன்னார். கீழே இருந்து கல் தச்சர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்து, "இன்னா அக்கா, மீனா ஏலம் போவுது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஓ.எஸ். ஏறியது. சாஃப்ட்வேர் போட்டேன். தன் மிஷினை அது அடையாளம் கண்டு பூட்டைத் திறந்தது. நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு, தேவி என்று தட்டினேன். கட்டம் கட்டமாக ஜாதகம் திரையில் வந்து நின்றது. அஞ்சலை அக்கா திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். துடைத்து வைத்த திரையில் மீன் வாசனையோடு ஐந்து விரல் ரேகை. துடைக்க மனசு வரவில்லை.

நாலேகாலுக்கே பையனின் அம்மா வந்துவிட்டார். எமகண்டத்தில் மாடி ஏற மாட்டேன் என்று கீழேயே, பாதி செதுக்கின யானைக்கும் நந்திக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். சரியாக நாலரைக்கு ஏறி வந்தார். உட்காரும் முன்பே முதல் கேள்வி:

"பொண்ணுக்கு செவ்வாய் கீதா?"

அஞ்சலை அக்கா பெஞ்சின் விளிம்பைப் பிடித்தார். ஐயா அவரைப் பார்க்கவில்லை. காகிதத்தை நீட்டினார்.

"கீதும்மா. எட்டாம் எடத்துல."

"அப்பாடா!" என்று அந்த அம்மா நாற்காலியில் விழுந்தார். "எம் பையனுக்கும் செவ்வாய்தான் சாமி. எட்டுலதான். வர்ற பொண்ணுக்கெல்லாம் சுத்த ஜாதகமா இருந்து இருந்து, தட்டிக்கினே போச்சு. இதுவும் சுத்தமா இருந்துடுமோன்னு பஸ்ஸுல பூரா வேண்டிக்கினே வந்தேன். ரெண்டு பக்கமும் இருந்தா தோசமே இல்லியே?"

"இல்ல" என்றார் ஐயா. பிறகு அஞ்சலை அக்காவின் பக்கம் திரும்பி, இரண்டு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். ரெண்டு நிமிடம்.

அஞ்சலை அக்கா அழுதுகொண்டே சிரித்தார். அப்புறம், "உனக்கு நாளைக்கு வஞ்சிரம் கொண்டாந்து தரேன்யா" என்றார். "நான் சைவம்" என்றார் ஐயா. "அப்போ இந்த சட்னிக்காரனுக்குக் குடுக்கிறேன்."

அன்றைக்கு அந்த மிஷினில் இரண்டாவதாகப் போட்ட ஜாதகம் அந்த மிஷினுடையதுதான். அன்றைய தேதி, ரெண்டு நாற்பத்து மூன்று, தனுசு லக்கினம். ஐயா அதை பிரிண்ட் எடுத்து, பலனைக் கையால் எழுதி, மிஷினின் பக்கவாட்டில் ஒட்டினார். 'ஆயுள் கெட்டி. மின்சாரத்தால் கண்டம் உண்டு. வைத்தியம் பார்ப்பவன் இரண்டு வருடத்துக்கு மேல் நிலைக்க மாட்டான்.'

"ஐயா, பரிமளா அக்கா பாத்தா என் வேலைக்கு ஒல வெச்சிடுவாங்க" என்றேன். "இருக்கிறத எழுதினேன்" என்றார்.

தேவிக்கு அடுத்த தை மாதம் சிங்கப்பெருமாள் கோயிலில் கல்யாணம். காலையில் குப்பத்திலிருந்து சீர்வரிசை ஏற்றின குட்டி யானை கிளம்புகிற நேரம், ஓட்ட வேண்டியவர் வயிற்று வலி என்று சுருண்டு படுத்துவிட்டார். டிரைவர் காணவில்லை. அஞ்சலை அக்கா என்னைப் பார்த்தார். "லைசென்ஸ் கீதா கண்ணு?" இருந்தது. பீரோ, கட்டில், பின்னால் பாட்டுப் பாடுகிற பத்துப் பெண்கள், பக்கத்தில் ஏரிக் காற்று. இதுதான் எனக்கான வேலை என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஒரு வருடம் யோசித்த மாதிரி நடித்துவிட்டு, சொந்தமாக வண்டி எடுத்தேன். பரிமளா அக்காவிடம் சொன்னபோது ஒரே ஒரு "அப்படியா" வந்தது. மேலே போகலாம்.

போன வாரம் அந்தப் பக்கம் ஐஸ் ஏற்றிக்கொண்டு போனேன். மாடியிலிருந்து ஐயா கை தட்டிக் கூப்பிட்டார். ஏறிப் போனேன். மிஷின் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒட்டின காகிதத்தில் மூன்றாவது வரியின் கீழ் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தார்.

"நீ போவேன்னு அதுக்குத் தெரிஞ்சிது. உனக்குத்தான் தெரியல" என்றார். "சரி, வண்டிக்கும் ஒரு ஜாதகம் போட்டுடலாம். ஷோரூம்லேர்ந்து எத்தனை மணிக்கு வண்டிய எடுத்த?"

"ஒம்பதரை ஐயா. கரெக்டா நல்ல நேரத்துல."

ஐயா கண்ணாடியை மூக்கில் இறக்கி, என்னை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார்.

"இன்னிக்கும் சட்டையில சட்னி கீது."

குனிந்து பார்த்தேன். இருந்தது.

"பத்து முப்பத்தஞ்சு ஐயா" என்றேன்.

அதை அப்படியே எழுதிக்கொண்டார்.